தீக்குச்சி உயரம்

பட்டாசு ஆலை வெடித்து எங்கள் ஓடைச்செவலில் பதினான்கு பேர் செத்துப்போன பதினேழாவது நாள் காலையில், செத்தவர்களில் ஒருத்தியான பஞ்சவர்ணத்தின் குரல், அருமைநாயகம் அண்ணன் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து, "ராசாத்தி, சீனி டப்பாவ நல்லா மூடு, எறும்பு ஏறிரும்" என்று சொன்னது. அந்த வீட்டுச் சன்னலை ஒட்டிய தெருக்குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அவள் மகள் ராசாத்தி, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய், டப்பாவை மூடி, மூடி இறுகியிருக்கிறதா என்று அழுத்தியும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் யாரும் பயப்படவில்லை. பதினாறு நாளில் பதினான்கு பேரை, அதிலும் ஐந்து பேரை இன்னார் என்று பிரிக்க முடியாமல் ஒரே குழியில், புதைத்து முடித்த ஊருக்குப் பயப்படுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அருமைநாயகம் அண்ணன் எனக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். இருபது வருடமாக மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். கோயில் கொடையா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, மேடையில் டிரம்ஸுக்கும் ஆளுயர ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று வாசித்து வாசித்து மெல்லிய சத்தம் எதுவும் காதில் விழாமல் போய்விட்டது. இனி வராது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி செல்லக்கனி மதினியும் நானும் ஒரே வேனில் போய், ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, புஸ்வாணத்துக்குத் திரி ஒட்டுகிறவர்கள். வெடித்த செவ்வாய்க்கிழமை ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும் என்று நான் லீவு போட்டேன், மதினி போனாள். அரிசி வாங்கப் போய் உயிர் பிழைத்த குருவம்மாள் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு பிக்கப்பைத் திருகிக்கொண்டிருந்தார். கம்பிகளுக்கு அடியில் பதிந்திருக்கிற காந்தக் கட்டைக்குப் பிக்கப் என்று பெயர். கிட்டாருக்குக் காது அதுதான். அதன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகு உண்டு, வலப்பக்கம் திருகினால் கட்டை கம்பியை நெருங்கும், இடப்பக்கம் திருகினால் விலகும். நெருங்கினால் சத்தம் கூடும், ஆனால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து ஆடவிடாமல் செய்துவிடும். விலகினால் ஓசை தெளியும், நீளும், ஆனால் மெலிந்து போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரம் இருக்கிறது, அதைப் பிடிக்கிறவன்தான் வாசிக்கிறவன் என்பார் அவர். எங்கள் ஊரில் அந்த உயரத்தை அளக்க வேறு கருவி எதற்கு? மெல்லிய முதல் கம்பியை, கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பிரித்திருக்கிற கட்டங்களில் கடைசிக் கட்டத்தில் விரலால் அமுக்கிக்கொண்டு, மருந்து வைக்காத தீக்குச்சி ஒன்றைக் கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவில் விடுவார், குச்சி இடிக்காமலும் ஆடாமலும் போக வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் குச்சியோடு தீப்பெட்டி அட்டை ஒன்றும் சேர்த்துப் போக வேண்டும்.

அப்படி அமுக்கிப் பிடித்துக் குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், டிபன் பையோடு மதினி வாசலில் நின்று அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஸ்பீக்கர் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவர் தலையைத் தூக்காமல் இடக்கையை மட்டும் தூக்கி, சரி சரி, அப்புறம் என்கிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினார். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. அவள் என்ன சொன்னாள் என்பதுதான் அவருக்கு வேண்டும், அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கைய இப்படி ஆட்டுனேன், இப்படித்தான் ஆட்டுனேன்" என்று ஆட்டி ஆட்டிக் காட்டினார். பார்க்கச் சகிக்காமல் வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

பதினேழாவது நாள், சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான் அவர் கையில் கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூன்றாம் கம்பியை ஐந்தாம் கட்டத்தில் அமுக்கித் தட்டினார், பஞ்சவர்ணம் சீனி டப்பாவைப் பற்றிச் சொன்னாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து பேர் பேசிவிட்டார்கள், அந்த வாரத்துக்குள் பதிமூன்று பேர். ஒரு கம்பியில் ஒரு கட்டத்தில் ஒருத்தர் என்று இருந்தது. எல்லாமே ஆலை வெடித்த அன்று காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொன்னவை, வீட்டில் இருந்தவர்கள் டி.வி. பார்த்துக்கொண்டோ பல் தேய்த்துக்கொண்டோ காதில் வாங்காமல் விட்டவை. "குடத்துக்கு அடியில சாவி இருக்கு." "மத்தியானம் கரண்டு போயிரும், மாவ இப்பவே ஆட்டிரு." "எஞ் சேலைய வெயில்ல போடாத, வெளுத்துப் போகும்." சொர்க்கத்திலிருந்து யாரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை. சொன்னதெல்லாம் செய்து முடிக்கக்கூடிய காரியமாக இருந்ததால் நாங்களும் செய்தோம். சாவியை எடுத்தோம், மாவை ஆட்டினோம், சேலையை நிழலுக்கு மாற்றினோம்.

ஊர் இதை ஒரு குழாய்த் தண்ணீர் ஏற்பாடு போல ஏற்றுக்கொண்டது. முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு ஆள் கொள்ளாமல் பஞ்சாயத்து மைதானத்துக் கொட்டகையில் என்று கிட்டார் இடம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்றார் போதகர், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஆகாது என்றார் பூசாரி, செவ்வாய்க்கிழமை யாரும் சொல்லாமலே எங்களுக்கு வேண்டாம், மற்ற நாட்களில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று முடிவானது. செத்தவர்களுக்குப் புது விலாசம் வந்தது. "எங்க அம்மா மூணாங்கம்பி, அஞ்சாங்கட்டம்" என்று ராசாத்தி சொன்னால், கேட்கிற வெளியூர்க்காரனைத் தவிர எல்லாருக்கும் புரிந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மருந்து கலக்கும் அறையில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி சொன்னார். அண்ணன் ஒரு கம்பியைத் தட்டினார், அது குடத்துக்கு அடியில் சாவி இருக்கிறது என்றது. அதிகாரி அதை எழுதிக்கொண்டு, கீழே அண்ணனிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

பதினான்காவது ஆள் மட்டும் பேசவில்லை. மதினி எந்தக் கம்பி என்று ஊரே தேடச் சொன்னது. எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அளவு பார்ப்பதற்காக அவர் முதல் கம்பியின் கடைசிக் கட்டத்தை அமுக்குவார், குச்சியை விட்டுப் பார்ப்பார், விரலை எடுத்துவிடுவார். அந்த இடத்தில் மட்டும் ஒரு தடவைகூடக் கம்பியைத் தட்ட மாட்டார். அன்றைக்கு அவள் வாசலில் நின்றபோது அவர் விரல் இருந்த இடம் அது.

"என்னண்ணே, மதினி அங்கதான இருக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இருக்கா."

"தட்டிப் பாக்க வேண்டியதுதான?"

"எல்லாருக்கும் முடியட்டும். அவ எங்கயும் போக மாட்டா" என்றார் அவர்.  ஆசைப்பட்ட அளவுக்கே பயமும் பட்டார் என்று எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் எங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள். பொழுது விடிந்தால் சோதனை மைதானத்தில் போட்டுப் பார்க்கிற வெடியில்தான் கண் விழிப்போம். காது அடைத்தால் நல்ல சரக்கு, அடைக்காவிட்டால் மறுபடி மருந்து கலக்க வேண்டிய சரக்கு, இதற்கு மேல் எங்களுக்கு ஓசையைப் பற்றி எதுவும் தெரியாது. பாதிப் பேருக்குக் காதும் மந்தம். தீக்குச்சி உயரத்தில் செத்தவர்கள் பேசியது, முன் வரிசையில் உட்கார்ந்து மூச்சை அடக்கினால் கேட்கிற குரல். முழு வாக்கியமாக, பேசி முடித்து மூச்சு விடுவது வரைக்கும் கேட்கிற குரல். ஐம்பது தடவை தட்டினாலும் ஐம்பது தடவையும் குறையாமல் வருகிற குரல். பின் வரிசைக்கு அது எட்டவில்லை. சவுண்டு சர்வீஸ் முத்தையா ஆளுயரப் பெட்டி இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் திருகிப் பார்த்தான், இரைச்சல்தான் ஊரைத் தூக்கியதே தவிர குரல் அப்படியே இருந்தது. காது கேட்காத இடத்தில் வாயை எவ்வளவு பெரிதாக்கி என்ன பிரயோசனம்?

சங்கரலிங்கம் மாமாதான் முதலில் எழுந்தார். இருபத்து நாலு வயதில் செத்த கதிரேசனின் அப்பா, ஆலையில் முப்பது வருடம் வெடி போட்டுப் பார்க்கிற வேலை செய்தவர், இடியே விழுந்தாலும் எங்கே என்று கேட்கிற காது.

"ஏப்பா நாயகம், அந்தத் திருகைத் திருகுனா சத்தம் கூடும்னு நீதான சொன்ன?"

"கூடும் மாமா. ஆனா காந்தம் கிட்டப் போனா கம்பியப் பிடிச்சு இழுக்கும். சத்தமாப் பேசும், பாதியில செத்துரும்."

"பாதி போதும்ப்பா. எனக்கு இப்ப ஒண்ணுமே கேக்கல. எம் மகன் பேசுறான்னு எல்லாரும் சொல்றாக, நான் அவுக வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

 பின் வரிசை முழுக்க எழுந்து, ஏத்து ஏத்து என்றது. நானும் சொன்னேன். என் ஆள் அதில் யாரும் இல்லை, நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. இருந்தும் ஊரோடு சேர்ந்து, "ஏத்துங்கண்ணே" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் கால் சுற்றுத் திருகினார். அன்றைக்குக் கதிரேசனின் குரல் கொட்டகைத் தகரம் அதிரும்படி, "அப்பா, மாத்திரைய சாப்பிட்ட பெறகு" என்றது. 'போடுங்க' என்கிற வார்த்தை வரவில்லை. அதை யார் கவனித்தார்கள், சங்கரலிங்கம் மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார், ஊரே கை தட்டியது. மறுநாள் மற்றவர்களும் தங்கள் ஆளுக்கு அதே சத்தம் வேண்டும் என்றார்கள். கேட்டுப் பழகிய காதுக்கு நேற்றைய சத்தம் இன்றைக்குப் போதாது, ஆகவே இன்னொரு கால் சுற்று. தீக்குச்சியை வைத்து அளந்தது போய், தீப்பெட்டி அட்டையை வைத்து அளக்கிற உயரம் வந்தது. அட்டை போய், புஸ்வாணம் சுற்றுகிற காகிதத்தை வைத்து அளக்கிற உயரம் வந்தது. வாக்கியங்கள் வாலிலிருந்து தேய்ந்துகொண்டே வந்தன. எறும்பு போனது, பிறகு மூடு போனது, பிறகு சீனி டப்பாவே போனது. "ராசாத்தி" என்று மட்டும் பஞ்சவர்ணம் ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். மகளுக்கு அது என்னவோ போல் இருந்திருக்கிறது.

"மாமா, பழைய உயரத்துக்கே இறக்கிருங்க. எங்க அம்மா எதுக்குக் கூப்பிடுறான்னே தெரியல, சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்று அவள் அண்ணனிடம் வந்து கெஞ்சினாள்.

அவர் இறக்கினார். தீக்குச்சியை விட்டு அளந்து, சரியாக முன்பு இருந்த உயரத்துக்கே கொண்டுவந்து, மூன்றாம் கம்பியின் ஐந்தாம் கட்டத்தைத் தட்டினார். மெதுவாக, தெளிவாக, "ராசாத்தி" என்றது, அவ்வளவுதான். காந்தம் இழுத்துக்கொண்ட வார்த்தை இழுத்துக்கொண்டதுதான், திரும்பி வரவில்லை. அப்போதாவது நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். மிச்சம் இருக்கிற வார்த்தைகளைத் தீக்குச்சி உயரத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார், மெல்லமாகக் கேட்கிற அரைகுறையை வைத்து என்ன செய்வது, இருக்கிறதையாவது சத்தமாகக் கேட்போம் என்றது ஊர். மறுபடி ஏற்றினார்.

சங்கரலிங்கம் மாமாவுக்குக் கடைசியில் 'அப்பா' மட்டும் மிச்சம் இருந்தது. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து ஒரு தடவை 'அப்பா' கேட்டுவிட்டுப் போனார். ஒருநாள் அது 'அப்' என்று வந்தது, மறுநாள் வெறும் ஒரு வெட்டு, கம்பி காந்தத்தில் அடிக்கிற ஓசை. அவர் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு, "அவ்வளவுதானாப்பா?" என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார், போய் மாத்திரை போடுவதை நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆடி பிறப்பதற்குள் பதிமூன்று பேரும் இப்படியே ஒவ்வொரு எழுத்தாகப் போய்ச் சேர்ந்தார்கள், இரண்டாம் தடவை அவர்களைக் கொன்றது நாங்கள்தான், இதற்கு விசாரணை வைக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். முத்தையா பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனான். கொட்டகை காலியானது. தெற்குக் காட்டில் இருக்கிற இன்னொரு ஆலை வேன் அனுப்ப ஆரம்பித்திருந்தது, தீபாவளி ஆர்டர் நெருக்குகிறதாம், கை பழகிய ஆள் வேண்டுமாம். ராசாத்தி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போனாள். நானும் போனேன்.

அதற்கடுத்த வாரம், ஒரு காலை ஏழு மணிக்கு, வேனுக்குக் காத்திருக்கும்போது அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். டிபன் பையோடு போனேன். கிட்டார் மடியில் இருந்தது. பிக்கப்பை இறக்கி, முதல் கம்பியின் கடைசிக் கட்டத்தை அமுக்கி, தீக்குச்சியை விட்டுக் காட்டினார். குச்சி இடிக்காமலும் ஆடாமலும் போனது.

"குருவம்மா, காலையிலேருந்து தட்டிப் பாத்துட்டேன். கம்பி பேசுது, விரல்ல தெரியுது. எனக்குக் கேக்க மாட்டேங்குது. கிட்டாரு மேல காத வச்சுப் பாத்தேன், பல்லால கடிச்சுக்கூடப் பாத்தேன். அவ கொரலு மெல்லிசுல்ல, என் காதுக்குச் சிக்கல. ஏத்துனா கேக்கும், ஆனா ஏத்துனா என்ன ஆகும்னுதான் பாத்தோம்ல. நீ கேட்டுச் சொல்லு."

நான் முட்டி போட்டு உட்கார்ந்து பெட்டியில் காதை வைத்தேன். அவர் தட்டினார்.

அந்த உச்சிக் கட்டத்தில் தட்டினால் எந்தக் கம்பியும் இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிடும். இது நிற்கவில்லை. செல்லக்கனி மதினி பேசினாள், எதிரே உட்கார்ந்து திரி ஒட்டிக்கொண்டே பேசுகிற அதே கீச்சுக் குரலில், அவசரமில்லாமல் பேசினாள். "ஏங்க, ராத்திரியிலேருந்து மேலெல்லாம் காயுது. குருவம்மாளும் இன்னைக்கு லீவு போட்டுட்டா. நானும் நின்னுக்கிறட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நின்னுக்கிறேன்." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, அவள் நின்றுகொண்டிருக்கிற சத்தம் மட்டும் இருந்தது, வளையல் டிபன் பையில் உரசுகிற சத்தம். தெரு முனையில் வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவர் கையை ஆட்டியது அப்போதுதான் இருக்க வேண்டும். "சரி, போயிட்டு வாரேன்" என்றாள். செருப்பு மாட்டுகிற ஓசை வரைக்கும் கேட்டது. பிறகுதான் கம்பி நின்றது.

நான் பெட்டியிலிருந்து காதை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"என்ன சொன்னா?"

"போயிட்டு வாரேன்னு சொன்னாண்ணே."

"அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணே. போயிட்டு வாரேன்னுதான் சொன்னா."

அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுதான் போய்விட்டதே தவிர, இருபது வருடம் கம்பியைப் பார்த்த கண் இருந்தது.

"பதினெட்டு எண்ணுற வரைக்கும் கம்பி ஆடுச்சு குருவம்மா. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். போயிட்டு வாரேன்னு சொல்ல அவளுக்குப் பதினெட்டு ஆகுமா?"

  எனக்கு அழுகை வந்தது, அதை அவர் பார்த்துவிட்டார்.

"வேணும்னா ராசாத்தியக் கூட்டிட்டு வாரேண்ணே. அவ கேட்டுச் சொல்லட்டும்."

"யாரக் கூட்டியாந்தாலும் நீ சொன்னதத்தான் சொல்லுவாக. ஊரே எனக்குப் பாவம் பாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"அண்ணே, வேண்டாம். அப்படியே இருக்கட்டும். என்னைக்காவது உங்களுக்குக் காது சரியாச்சுன்னா."

"ஆகாது."

"அப்ப அவ இருக்கான்னாவது இருக்கட்டும்."

அவர் திருகினார். கால் சுற்று இல்லை, அரைச் சுற்று இல்லை, வலப்பக்கமாகத் திருகு நிற்கிற வரைக்கும் திருகினார். காந்தம் கம்பியைத் தொட்டுவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது, இடையில் காகிதம்கூடப் போகாது. பெட்டியின் எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் கொண்டுபோனார். நான் வேகமாக எழுந்து வாசலுக்குப் போனேன், தடுக்கத் தைரியமும் இல்லை, பக்கத்தில் நின்று பார்க்கத் தைரியமும் இல்லை. அவர் கடைசிக் கட்டத்தை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

"ஏங்க" என்றாள் மதினி.

தெருவே கேட்டது. குழாயடியில் நின்றவர்கள் திரும்பினார்கள், வேனுக்கு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், சங்கரலிங்கம் மாமாவுக்கே கேட்டிருக்கும். ஒரே ஒரு வார்த்தை, பிறகு கம்பி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இனி அந்தக் கட்டத்தில் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தூக்கி, உடம்பு முழுவதையும் வாசல் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "என்ன, சொல்லு" என்றார்.

வாசலில் டிபன் பையோடு நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், என்னைத்தான் பார்த்தாரா என்று தெரியவில்லை. "சொல்லு, கேக்குறேன்" என்று மறுபடியும் சொன்னார். எல்லாம் என் வாயில் இருந்தது, காய்ச்சல், லீவு, நின்னுக்கிறட்டுமா, எல்லாமே. தெரு முனையில் வேன் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

"போயிட்டு வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.